பருவத்தின் நடுவில் கோல் வரண்டால்: அறிகுறி பார்த்துத் தாக்குதலைத் திருத்தும் முறை

ஐந்து போட்டி, ஒரு கோல். ஓரக் கோட்டில் நிற்கிற எல்லாருக்கும் காரணம் தெரியும்: போர்வேர்டை (கோல் போட முன்னால் நிற்கும் ஆளை) மாற்ற வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தடுமாறும்போது முதலில் நடப்பது அதுதான். பெரும்பாலும் அது ஒன்றையும் திருத்துவதில்லை. கோல் விழாதது கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற குறி. பழுது அதற்கு இரண்டு, மூன்று பாஸ் முன்னால் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஒன்பதாம் இலக்கச் சட்டையை வேறு தம்பிக்குப் போட்டால், அவரும் அதே பட்டினியில் நிற்பார்.

பருவ நடுவில் கையில் இருக்கிற நேரத்தையும் ஆட்களையும் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, மிஞ்சினால் மூன்று. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் சேர 4.15 ஆகும், 6 மணிக்கு மேல் பந்து தெரியாது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் பாதிப் பேர் வயலில். கடலுக்குப் போகிறவர் இரவு முழுக்க விழித்துவிட்டு வருவார். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் இளைய பையன்கள் இல்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கட்டார் விசா வந்துவிடும். இந்த நிலையில் புதிய ஆட்டமுறையைக் கற்பிக்க முடியாது. ஆட்கள் நிற்கிற இடத்தையும் அவர்களுக்கிடையிலான தூரத்தையும் மாற்ற முடியும், அதற்கு மூன்று பயிற்சி போதும். கீழே உள்ளவை எல்லாம் அந்த எல்லைக்குள் செய்யக்கூடியவை.

முதலில் இரண்டு போட்டிக்குக் கொப்பி

விளையாடாத, கத்தாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு கொப்பியைக் கொடுங்கள். மைதானத்தை நீளவாக்கில் மூன்று பங்காகப் பிரித்து, பங்குகள் பிரிகிற இடத்தில் ஓரக் கோட்டுக்கு வெளியே மணல் நிரப்பிய போத்தல் வையுங்கள். அவர் எழுத வேண்டியவை: பந்தை இழந்தது எந்தப் பங்கில், எப்படி (பாஸ் பிழை, முதல் தொடுகை, எதிரணி பறித்தது), எதிரணிப் பங்குக்குள் பந்து போன தடவைகள், பெனால்டி எல்லைக்குள்ளிருந்து அடித்த உதைகள், வெளியிலிருந்து அடித்தவை. பெயர் எழுத வேண்டாம், சட்டை இலக்கம் போதும். பெயர் எழுதினால் கொப்பி பஞ்சாயத்தாகிவிடும்.

முடிந்தால் இன்னொருவர் உயரமான இடத்திலிருந்து கைபேசியில் படம்பிடிக்கட்டும். பந்தைத் துரத்தாமல் முழு அணியும் தெரிகிற மாதிரி அகலமாகப் பிடிக்க வேண்டும். பந்து இல்லாத மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

இழப்புகளில் பாதிக்கு மேல் சொந்தப் பங்கில் என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். நடுப்பங்கில் என்றால் இரண்டாவது. எதிரணிப் பங்குக்குள் போகிறது, ஆனால் எல்லைக்குள்ளிருந்து உதை இல்லை என்றால் மூன்றாவது. உதை இருக்கிறது, வலை அசையவில்லை என்றால் நான்காவது. ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்த முயலாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாமல் போகும்.

அறிகுறி 1: பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை

கோல் காப்பாளர் ஓங்கி உதைக்கிறார், எதிரணியின் உயரமான ஆள் தலையால் முட்டித் திருப்பி அனுப்புகிறார், மீண்டும் நம் எல்லையில் பந்து. இதற்கு இரண்டு மருந்து உண்டு. எது என்பதைத் தரை தீர்மானிக்கும்.

புல் ஒழுங்காக உள்ள மைதானம் என்றால் குட்டையாகத் தொடங்கலாம். 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல் கிக்கை (நம் கோலருகே பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் உதையை) பெனால்டி எல்லைக்குள்ளேயே சக வீரர் வாங்க முடியும், பந்து ஆட்டத்துக்கு வரும்வரை எதிரணி வெளியே நிற்க வேண்டும். இரண்டு சென்டர் பேக்கும் எல்லையின் இரு பக்கமும் விரிந்து நிற்க, ஒரு ஹாப் (மத்தியகள ஆட்டக்காரர்) நடுவில். எதிரணி இரண்டு பேரை அனுப்பினால் காப்பாளரோடு சேர்த்து நமக்கு நான்கு. 30 × 25 மீற்றர் கட்டத்தில் நான்குக்கு இரண்டு, 3 நிமிடம் வீதம் ஐந்து சுற்று. எதிரணி மூன்றாவது ஆளையும் அனுப்பினால் குட்டையாக வேண்டாம், நீளமாக அடியுங்கள். இந்தக் கணக்கைக் காப்பாளர் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும்.

மணல் தரை, மாடு மேய்ந்து குண்டும் குழியுமான தரை என்றால் சொந்த எல்லையில் குட்டைப் பாஸ் கோலைத் தானமாகக் கொடுப்பது. அங்கே நீள உதைதான், ஆனால் குறி வைத்து. பயிற்சியில் காப்பாளரைப் பத்துத் தடவை உதைக்கச் சொல்லி, பந்து விழுகிற தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 40 மீற்றர் என்றால் தலையால் முட்டுகிறவர் 38-இல் நிற்கட்டும். அவரைச் சுற்றி 8 மீற்றருக்குள் மூன்று பேர்: ஒருவர் முன்னால் ஓட, இருவர் பின்னால் சிதறும் பந்துக்கு. முட்டலை வெல்லாவிட்டாலும் சிதறலை வென்றால் போதும். எப்போதும் ஒரே பக்கமாக, ஓரக் கோட்டை ஒட்டி அடியுங்கள். பிழைத்தாலும் த்ரோவோடு (ஓரக் கோட்டிலிருந்து கையால் எறிவதோடு) போகும், நடுவில் வெட்டப்படாது.

பலர் மறக்கிற ஒன்று: கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓப்சைட் (எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றம்) கிடையாது. போர்வேர்ட் எதிரணியின் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம். அவர்களின் பின்வரிசை அவரைக் காக்கக் கீழே இறங்கும், நடுவில் இடம் பிறக்கும். காப்பாளர் கையில் பிடித்து உதைக்கும் பந்துக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டையும் குழப்பினால் கொடி உயரும்.

அறிகுறி 2: போர்வேர்ட் தனித்தீவாக நிற்கிறார்

தடுமாறும் அணிகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். பந்து மேலே போகிறது, போர்வேர்ட் கோலுக்கு முதுகு காட்டி வாங்குகிறார், இரண்டு பேக் அவர் மேல் ஏறி நிற்கிறார்கள், பக்கத்துச் சக வீரர் 20 மீற்றருக்கு அப்பால். மூன்று செக்கனில் பந்து போய்விடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "இவனுக்குப் பந்து வைக்கத் தெரியாது".

ஏன் இப்படி ஆகிறது? தோற்கிற அணி நீளும். பேக்குகள் இன்னொரு கோல் வாங்கப் பயந்து கீழே இறங்குவார்கள், முன்வரிசை கோல் தேவைப்பட்டு மேலே ஏறும். 35 மீற்றரில் இருக்க வேண்டிய அணி 55 மீற்றருக்கு இழுபடும். நடுவில் இருக்கிற இரண்டு ஹாப் ஒரு வயலைக் காக்கிற மாதிரி ஓடிக் களைப்பார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: நம் கையில் பந்து இருக்கும்போது கடைசி பேக்குக்கும் போர்வேர்டுக்கும் இடையில் 40 மீற்றருக்கு மேல் இருந்தால் பழுது இங்கேதான்.

முதல் திருத்தம் பின்வரிசைக்கு. பந்து முன்னோக்கிப் போகிற ஒவ்வொரு தடவையும் நான்கு பேக்கும் சேர்ந்து ஐந்து காலடி மேலே ஓட வேண்டும். காப்பாளர் கோல் கோட்டில் ஒட்டிக்கொள்ளாமல் பெனால்டி எல்லையின் விளிம்பு வரை வந்து அவர்களின் முதுகைக் காக்க வேண்டும். காப்பாளர் வராவிட்டால் பேக்குகள் ஏற மாட்டார்கள். ஆகவே காப்பாளரிடமிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது திருத்தம், எதிரணியின் ஹாப் வரிசைக்கும் பேக் வரிசைக்கும் நடுவில் ஓர் ஆளை நிறுத்துவது. இதற்கு நல்ல சான்று இங்கிலாந்தில் 2020–21 பருவத்து ஆர்சனல். முதல் 14 லீக் போட்டிகளில் 12 கோல், கடைசி ஏழில் வெற்றியே இல்லை, 15-ஆம் இடம். டிசம்பர் 26 அன்று செல்சிக்கு எதிராக எமில் ஸ்மித் ரோ என்ற 20 வயதுக்காரரை அந்த இடைவெளியில் இறக்கினார்கள். 3–1 வெற்றி. அந்தப் போட்டியையும் சேர்த்து மீதி 24 போட்டிகளில் 43 கோல், பருவ முடிவில் எட்டாம் இடம். அவர் அன்று புதிதாக வாங்கப்பட்டவர் அல்லர், கழகத்திலேயே வளர்ந்தவர். ஜனவரியில் மார்ட்டின் ஒடகார்டைக் கடனாகக் கொண்டுவந்ததும் அதே இடத்து வேலைக்குத்தான். போர்வேர்டுக்கும் ஹாப்புகளுக்கும் நடுவில் பாலம் விழுந்ததும் பக்கத்து விங்கர்களுக்கும் பந்து கிடைக்கத் தொடங்கியது.

உங்கள் கழகத்தில் அந்த ஆள் யார்? வேகமானவரைத் தேட வேண்டாம். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவரைத் தேடுங்கள். சோதனை எளிது: பாஸ் போகிற நேரத்தில் அவருக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், பந்து காலில் படுமுன் எண்ணைச் சொல்ல வேண்டும். பத்தில் ஆறு சரி என்றால் அவரை நிறுத்தலாம். பெரும்பாலும் அவர் விங்கிலோ இரண்டாவது அணியிலோ ஒதுங்கியிருப்பார்.

பயிற்சிக்கு 36 × 20 மீற்றர் கட்டம் போட்டு, நீளவாக்கில் 12 மீற்றராக மூன்று பட்டையாகப் பிரியுங்கள். இரு முனைப் பட்டைகளிலும் நம் ஆட்கள் மூவர் மூவராக. நடுப்பட்டையில் நம் ஆட்கள் இருவர், எதிர் ஆட்கள் இருவர். முனையிலிருந்து நடுவுக்குப் பாஸ், அவர் திரும்பி மறுமுனைக்கு. திரும்பி அனுப்பினால் ஒரு புள்ளி. எதிர் ஆட்கள் பட்டையை விட்டு வெளியேறக் கூடாது. 4 நிமிடம் வீதம் நான்கு சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, ஒவ்வொரு சுற்றிலும் நடு ஆட்களை மாற்றுங்கள். பத்துப் பேர் வந்தாலே நடத்தலாம்.

வழக்கமான பிழைகள்: வாங்குகிறவர் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்து அசையாமல் நிற்பார். பாஸ் கொடுப்பவர் தலை நிமிர்கிற அதே கணத்தில் பக்கவாட்டில் இரண்டு அடி நகர வேண்டும், முன்னதாக நகர்ந்தால் எதிராளியும் நகர்வார். உடம்பு முழுதாகப் பந்தைப் பார்த்தபடி நிற்காமல் பாதி திரும்பி நின்று தூரக் காலால் வாங்க வேண்டும். மணலில் பந்து இழுபடும், பாஸை நினைத்ததைவிட ஒரு பங்கு பலமாக அடிக்கப் பழக்குங்கள். பாஸ் கொடுப்பவர் வாயையும் திறக்க வேண்டும்: "ஆள் வருது" அல்லது "திரும்பு". இரண்டே சொல். "மச்சான், பார், பார்" என்று கத்தினால் எதைப் பார்ப்பது?

போட்டியில் வருகிற பெரிய பிழை வேறு. நடுவில் நிறுத்தப்பட்டவர் பந்து வரவில்லை என்று பொறுமை இழந்து பேக்குகளின் காலடிக்கே இறங்கி வாங்குவார். பார்க்க உழைப்பாகத் தெரியும், ஆனால் நீங்கள் அடைத்த இடைவெளி மீண்டும் திறந்துவிடும். அவருக்கு ஒரே விதி: எதிரணியின் ஹாப் வரிசையைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது. பத்து நிமிடம் பந்து படாவிட்டாலும் அங்கேயே நிற்கட்டும்.

குற்றம் சுமத்தப்பட்ட போர்வேர்டைத் தூக்கி எறியுமுன் இன்னொன்றை யோசியுங்கள். நியூகாசில் யுனைட்டட் 2019-இல் ஜோலின்டனைப் பெரும் விலை கொடுத்து போர்வேர்டாக வாங்கியது. கோல் வரவில்லை. 2021 இறுதியில் எடி ஹவ் வந்து அவரை மத்தியகளத்துக்கு இறக்கினார், அந்தப் பருவத்தில் அணியின் முதுகெலும்பே அவராகிப்போனார். முதல் 14 லீக் போட்டிகளில் வெற்றியே பெறாத அந்த அணி 11-ஆம் இடத்தில் முடித்தது. உடல் பலமும் ஓட்டமும் உள்ள, கோல் போடத் தெரியாத போர்வேர்ட் ஒருவர் உங்களிடமும் இருக்கலாம்.

அறிகுறி 3: க்ராஸ் மேல் க்ராஸ், உதை இல்லை

விங்கர் ஓடுகிறார், 25 மீற்றர் தூரத்திலிருந்தே தூக்கிப் போடுகிறார், எதிரணி பேக் நின்ற இடத்தில் நின்று முட்டி வெளியே அனுப்புகிறார். ஆர்சனல் மாற்றம் கண்டதற்கு மூன்று வாரம் முன்பு, டொட்டன்ஹாமுக்கு எதிராக 40-க்கு மேற்பட்ட க்ராஸ்களைப் போட்டு 2–0 என்று தோற்றது. எண்ணிக்கை ஒன்றும் செய்யாது. எங்கிருந்து போடுகிறீர்கள், உள்ளே யார் எங்கே வந்து சேர்கிறார்கள் என்பதே கேள்வி.

தூரத்திலிருந்து தூக்கும் பந்தை பேக் எதிர்கொண்டு பார்க்கிறார், அவருக்கு வசதி. அதே விங்கர் இன்னும் முன்னால் ஓடிப் போய்க் கோல் கோட்டுக்கு அருகிலிருந்து பின்னோக்கித் தரையோடு இழுத்துக் கொடுத்தால் எல்லாம் தலைகீழ். பேக்குகள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. காப்பாளர் கிட்டக் கம்பத்தில் ஒட்டியிருப்பார். நம் ஆள் முகத்தைக் கோலுக்குக் கொடுத்து ஓடி வருவார். பந்துக்குப் பின்னாலிருந்து வருகிறவருக்கு ஓப்சைட் பயமும் இல்லை.

உள்ளே நான்கு இடம் நிரம்ப வேண்டும்: கிட்டக் கம்பத்துக்கு முன்னால் 5.5 மீற்றர் கோடு, 11 மீற்றர் பெனால்டிப் புள்ளி, தூரக் கம்பம், எல்லைக்கு வெளியே விளிம்பில் ஒருவர். போர்வேர்ட் கிட்டக் கம்பத்துக்கு, எதிர்ப்பக்க விங்கர் தூரக் கம்பத்துக்கு, நடு ஆள் புள்ளிக்கு, ஹாப் ஒருவர் விளிம்புக்கு. மற்ற ஹாப் பின்னால் காவல். புள்ளிக்கு வருகிறவர் அங்கே போய்க் காத்து நிற்கக் கூடாது, விங்கர் கடைசித் தொடுகை வைக்கும்போது விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டும். முந்திப் போனால் குறிபார்த்துப் பிடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து அணிகளில் மூவரும் ஒரே நேரத்தில் கிட்டக் கம்பத்துக்கே பாய்வதுதான் வழக்கமான கோளாறு. கொப்பியில் இதற்கென ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஒரு பக்கத்துக்கு 10 நிமிடம், இரு பக்கமும். எதிராளி இல்லாமல் முதல் ஐந்து, பிறகு இரண்டு பேக்கும் காப்பாளரும். விங்கருக்கு ஒரு கட்டளை: கடைசித் தொடுகைக்கு முன் ஒரு தடவை தலையை உயர்த்திப் பார்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலை ஒட்டிய மைதானங்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரண்ட சூட்டுக் காற்று. போட்டிக்கு முன் ஒரு பிடி மணலை மேலே விட்டுப் பாருங்கள். காற்றுக்கு எதிராகத் தூக்கும் க்ராஸ் பாதியில் விழும், காற்றோடு தூக்குவது எல்லையைத் தாண்டி ஓடும். பலமான காற்றில் தரையோடு மட்டும்.

அறிகுறி 4: உதைகள் உண்டு, கோல் இல்லை

எல்லைக்குள், வெளியே என்று பிரித்து எழுதியதை எடுங்கள். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளிலேயே பத்து உதைக்கு ஒரு கோல் என்பதுதான் ஏறக்குறையக் கணக்கு. எல்லைக்கு வெளியிலிருந்து அடிப்பதில் இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று விழுந்தால் அதிகம். பன்னிரண்டு உதையில் ஒன்பது வெளியிலிருந்து என்றால் அது உதைக்கும் கால் பிழையல்ல, பொறுமைப் பிழை. இரண்டு போட்டிக்கு ஒரு விதி போடுங்கள்: முன்னால் ஆள் மறைத்தால் வெளியிலிருந்து அடிப்பதில்லை, பக்கத்துக்குக் கொடுப்பது.

எல்லைக்குள்ளிருந்தே ஆறேழு உதை வந்து கோல் விழவில்லை என்றால் ஒன்றையும் மாற்றாதீர்கள். வாய்ப்பு உண்டாகிறது, அடுத்த இரண்டு மூன்று போட்டியில் விழும். இந்த இடத்தில் பதறி அணியைக் கலைத்த கழகங்கள் பல.

பந்தையும் பாருங்கள். ஐந்தாம் இலக்கப் பந்து சுற்றளவு 68–70 சென்ரிமீற்றர், எடை 410–450 கிராம், காற்று சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல். பயிற்சிப் பந்து மென்மையாகவும் போட்டிப் பந்து கல்லாகவும் இருந்தால் எல்லா உதையும் குறுக்குக் கம்பத்துக்கு மேலேதான் போகும். சைக்கிள் திருத்தும் கடையில் அளவுமானி இருக்கும், ஊசியை மட்டும் கொண்டுபோங்கள். தையல் நைந்த பந்து மழைக் காலத்தில் நீரைக் குடித்துப் பாரமாகும், அதை உதைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம்.

அறிகுறி 5: கோர்னரும் த்ரோவும் வீணாகின்றன

ஆட்கள் குறைவாக வருகிற கழகத்துக்கு மிக மலிவான கோல் இங்கேதான் இருக்கிறது. ஓட்டம் வேண்டாம், மூச்சு வேண்டாம், ஒரு மாலையில் 20 நிமிடம் போதும். நியூகாசில் மீண்டெழுந்தபோது 2022 பெப்ரவரியில் கீரன் டிரிப்பியர் எவர்ட்டனுக்கும் அஸ்டன் வில்லாவுக்கும் எதிராக அடுத்தடுத்து நேரடி ப்ரீ கிக்கில் கோல் போட்டார். ஓடும் ஆட்டம் இன்னும் சீராகாத அணிக்கு நின்ற பந்து அப்படிக் கைகொடுக்கும்.

நம் ஊர் மைதானங்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. அவை ஒடுக்கமானவை. பெனால்டி எல்லையின் அகலம் எங்கும் 40.32 மீற்றர். மைதான அகலம் 68 மீற்றர் என்றால் ஓரக் கோட்டிலிருந்து எல்லைக்கு ஏறக்குறைய 14 மீற்றர், கிட்டக் கம்பத்துக்கு 30. அகலம் 50 என்றால் எல்லைக்கு 5 மீற்றருக்கும் குறைவு, கிட்டக் கம்பத்துக்கு 21 சொச்சம். 22 மீற்றர் எறியக்கூடிய ஒருவர் இருந்தால் ஒவ்வொரு த்ரோவும் ஒரு கோர்னர், அதிலும் ஓப்சைட் இல்லாத கோர்னர். எறிபவரைத் தேடிப் பாருங்கள், வலை இழுக்கிற தோள் உள்ள ஒருவர் நிச்சயம் இருப்பார். இரு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, இரு காலும் தரையில். ஓடி வந்து எறியும்போது பின்னங்கால் தூக்கினால் நடுவர் ஊதுவார், அதைத்தான் திருத்த வேண்டும். உள்ளே உயரமானவர் கிட்டக் கம்பத்தில் நின்று பின்னோக்கித் தட்டிவிட, இருவர் தூரக் கம்பத்துக்குப் பாய, ஒருவர் காப்பாளருக்கு முன்னால். விளிம்பில் ஒருவர், பின்னால் இருவர் காவல்.

இறுதிப் போட்டி மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ என்றால் முதல் நாளே போய் அகலத்தை அடியால் அளந்து பாருங்கள். ஊரில் எட்டிய எறி அங்கே எட்டாமல் போகலாம்.

கோர்னருக்கு ஒரே ஒரு முறையை மட்டும் பழக்குங்கள். ஒருவரே எல்லாக் கோர்னரையும் எடுக்கட்டும். 5.5 மீற்றர் கோட்டின் கிட்ட மூலைக்குத் தலை உயரத்தில், பத்தில் ஏழு விழும்வரை. பந்து எங்கே விழும் என்று ஓடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் பேக்குக்கு முன்னால் போக முடியும்.

அறிகுறி 6: இரண்டாம் பாதியில் கால் நின்றுவிடுகிறது

முதல் பாதியில் எதிரணிப் பங்குக்குள் பந்து பதினைந்து தடவை போய், இரண்டாம் பாதியில் ஐந்தாகக் குறைந்தால் ஆட்டமுறையில் பிழை தேட வேண்டாம். வெயிலும் தண்ணீரும்தான். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன் அரை லீற்றர், பிறகு 15–20 நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு கோப்பையளவு. பந்து வெளியே போகிற நேரத்தில் ஓரக் கோட்டில் போத்தல் இருக்க வேண்டும். கச்சான் நாட்களில் ஜீவனியை (நீரிழப்புக்கான உப்புத்தூள்) பக்கற்றில் சொன்ன அளவு நீரில் கரைத்து இடைவேளைக்கு வையுங்கள், இளநீரும் நல்லது. இடைவேளையில் வயிறு முட்டக் குடித்தால் முதல் பத்து நிமிடம் ஓட முடியாது. நோன்புக் காலத்தில் மாலைப் பயிற்சியை விட்டுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் 45 நிமிடம், நின்ற பந்து மட்டும்.

விங்கர்களைக் களைத்த பிறகு மாற்றாதீர்கள். 60 நிமிடப் போட்டியில் 40-ஆம் நிமிடத்தில் மாற்றுங்கள், புதிய கால் எதிரணியின் களைத்த பேக்கைச் சந்திக்கட்டும்.

நாணயச் சுழற்சியில் வென்றால் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தால் முதல் பாதியில் மேற்கு நோக்கித் தாக்குங்கள். இரண்டாம் பாதியில், மாலை 5.15-க்குப் பிறகு சூரியன் தாழும்போது எதிரணிக் காப்பாளர் கிழக்குக் கோலில் நின்று வெயிலைப் பார்த்தபடி இருப்பார். நின்ற பந்தை உயரமாகப் போட வேண்டிய நேரம் அது.

அமைப்பையே மாற்றுவது எப்போது

மேலே சொன்னவற்றில் ஒன்றை மூன்று போட்டி செய்தும் கொப்பியில் எண் அசையவில்லை என்றால்தான். 2016 செப்டெம்பர் 24 அன்று செல்சி ஆர்சனலிடம் இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் வாங்கியது. அன்டோனியோ கொன்டே அந்தப் போட்டியிலேயே பின்னால் மூவர் என்று மாற்றினார், அடுத்த போட்டியிலிருந்து தொடர்ந்து 13 லீக் வெற்றி, கடைசியில் கிண்ணமும். ஆனால் அது வேலை செய்தது இரு ஓரத்திலும் முழு மைதானமும் ஏறி இறங்கக்கூடிய மார்க்கோஸ் அலொன்சோ, விக்டர் மோசஸ் இருவர் இருந்ததால். அப்படி இருவர் உங்களிடம் இல்லாவிட்டால் பின்னால் மூவர் என்பது வெயிலில் பின்னால் ஐவர் ஆகிவிடும், போர்வேர்ட் முன்பைவிடத் தனிமைப்படுவார்.

ஒரு மாற்றத்துக்கு மூன்று போட்டி. மூன்றாவது முடிந்ததும் கொப்பியின் முதல் இரண்டு போட்டிப் பக்கத்தையும் கடைசி இரண்டையும் அருகருகே வையுங்கள். எதிரணிப் பங்குக்குள் போன தடவைகளும் எல்லைக்குள் உதைகளும் கூடி, கோல் மட்டும் கூடாவிட்டால் அப்படியே தொடருங்கள். முதலாவது கூடி இரண்டாவது கூடாவிட்டால் மூன்றாம் அறிகுறிக்குப் போங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் பழுதைப் பிழையான இடத்தில் தேடியிருக்கிறீர்கள். படத்தை மீண்டும் போட்டு, பந்து இல்லாத மற்றவர்களைப் பாருங்கள்.